உயிரணுவை வினவியவர்: இலியா மெச்னிகோவ்

உயிருள்ள ஒன்றின் உள்ளே நிகழ்வதை அதன் உயிரைப் போக்காமல் அறிவது எங்ஙனம்? உயிரியல் ஆய்வில் இறங்கிய ஒவ்வொருவரையும் இவ்வினா ஏதேனும் ஒரு நாளில் எதிர்கொண்டிருக்கும். உடலைக் கூறுபோட்டால் உறுப்புகள் தெரியும், உயிர் போய்விடும். உயிரணுவை அரைத்து வடிகட்டினால் அதிலுள்ள வேதிப்பொருள்கள் கிடைக்கும்; அவை எந்தக் கணத்தில், எந்த இடத்தில், எதன்பொருட்டுச் செயற்பட்டன என்பது தெரியாது போய்விடும். இவ்வினாவை நம் குருதியில் உலவும் காவல் அணுக்களிடம் முதன்முதலில் கேட்டவர் இலியா மெச்னிகோவ். தம் வாழ்நாளில் இருமுறை தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றவர் அவர். அத்தகைய ஒருவர், உடல் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் வழியைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார் என்பது அறிவியல் வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

இன்றைய உக்ரைன் நாட்டின் கார்க்கோவ் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் 1845ஆம் ஆண்டு மே மாதம் மெச்னிகோவ் பிறந்தார். தந்தை அரச காவற்படையில் அலுவலராக இருந்தவர். தாய் எமிலியா, எழுத்தாளர் லேவ் நெவகோவிச்சின் மகள். யூத மரபில் வந்தவர். குடும்பத்தின் கடைக்குட்டியான இலியா சிறுவயதிலேயே செடிகொடிகளிலும் பூச்சிகளிலும் மனத்தைப் பறிகொடுத்தார். தமக்குக் கிடைத்த கைச்செலவுக் காசைத் தம் உடன்பிறந்தாருக்கும் பிற சிறுவர்க்கும் கொடுத்து, தாம் ஆற்றும் இயற்கை விரிவுரையைக் கேட்கவைத்தார் என்பர். காசு கொடுத்தாவது தம் கருத்தைப் பிறர் செவியில் ஏற்ற வேண்டும் என்னும் அந்தத் துடிப்பு இறுதிவரை அவரைவிட்டு அகலவில்லை.

மருத்துவம் பயில அவர் விரும்பினார். பிறர் துன்பத்தைக் கண்டு தாங்கமாட்டாத நெஞ்சம் தம் மகனுடையது என்று உணர்ந்திருந்த தாய் அதைத் தடுத்தார். ஆகவே விலங்கியலை ஏற்றார். கார்க்கோவ் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்து 1864இல் வெளியேறினார். பின்னர் ஜெர்மனியின் கீசன் நகரில் ஆய்வு செய்தபோது, 1865இல், தட்டைப்புழு ஒன்றை நுண்ணோக்கியில் கண்டார். அப்புழுவின் உணவு, குடற்குழியில் கரையாமல், குடலைச் சூழ்ந்த உயிரணுக்களின் உள்ளேயே செரிப்பதைக் கவனித்தார். ஓரணு உயிரிகள் உண்ணும் முறையைப் பலவணு உயிரியின் அணுவும் கைவிடவில்லை என்பதற்கு அது சான்று. பதினேழு ஆண்டுகள் கழித்துப் பயன்படப்போகும் இக்காட்சியை இருபது வயது இளைஞர் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டு அடுத்த ஆய்வுக்குச் சென்றார்.

நேப்பிள்ஸ் கடற்கரையில் அலெக்சாந்தர் கோவலெவ்ஸ்கியோடு சேர்ந்து கடல் உயிரிகளின் கருவளர்ச்சியை ஆராய்ந்தார். அவ்வாய்வுகளுக்காக இருவரும் 1867இல் பேயர் பெயரால் அமைந்த பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அதே ஆண்டில், இருபத்திரண்டாம் வயதில், ஒடெஸ்ஸா பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். இரவு பகலாக நுண்ணோக்கியில் பதிந்த கண்கள் நோயுற்றன. கண்ணே கருவியாகிய ஒருவருக்குக் கண் மங்குவது எத்தகைய அச்சத்தைத் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

துன்பம் தனித்து வரவில்லை. 1869இல் லுத்மிலா என்னும் பெண்ணை மணந்தார். மணநாளிலேயே அவர் காசநோயால் மூச்சுத் திணறினார். நடக்க இயலாத நிலையில் நாற்காலியில் அமர்த்தித் தேவாலயத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். வெப்பமான நிலங்களைத் தேடி மனைவியை அழைத்துச் சென்றும், மொழிபெயர்ப்பும் விரிவுரையும் செய்து பொருள் ஈட்டியும் நான்காண்டு போராடினார். 1873 ஏப்ரலில் மதெய்ரா தீவில் லுத்மிலா மறைந்தார். அங்கிருந்து திரும்பும் வழியில் மெச்னிகோவ் பெருமளவு மார்ஃபினை விழுங்கினார். அளவு மிகுந்ததே அவரைக் காத்தது. குமட்டல் எடுத்து மருந்து வெளியேறிவிட்டது. உயிரை விடும் உறுதி தளரவில்லை. வெந்நீரில் குளித்துவிட்டுக் குளிரில் வெளியே நடந்தால் சளிக்காய்ச்சல் கண்டு இறக்கலாம் என்று எண்ணி, ஜெனீவா நகரில் ரோன் ஆற்றுப் பாலத்தின்மேல் நின்றார். விளக்கொன்றைச் சுற்றிப் பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. இறகு முளைத்தபின் உணவே இன்றிச் சில மணி நேரம் மட்டும் வாழும் இனம் என்று தொலைவிலிருந்து அவற்றைக் கருதினார். இத்துணைக் குறுகிய வாழ்வுடைய உயிருக்கு இயற்கைத் தேர்வுக் கோட்பாடு எவ்வாறு பொருந்தும் என்ற வினா எழுந்தது. சாகவந்தவர் சிந்திக்கத் தொடங்கினார். வினா அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்றது.

1875இல் மாணவி ஓல்காவை மணந்தார். விலங்கியலைக் கணவரிடம் கற்று, ஆய்வில் துணைநின்று, ஓவியமும் சிற்பமும் பயின்ற ஓல்காவே பிற்காலத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். நாம் இன்று மெச்னிகோவின் அகவாழ்வைப் பற்றி அறிவன பெரும்பாலும் அந்நூல் தந்தவை. 1880இல் ஓல்கா டைஃபாய்டு காய்ச்சலால் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அதையொட்டிய மனச்சோர்வில், 1881இல், மெச்னிகோவ் மீள்காய்ச்சல் நோயாளியின் குருதியைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். இறப்பதாயின் அதுவும் ஓர் ஆய்வாக அமையட்டும், குருதிவழி அந்நோய் பரவுமா என்பதாவது தெரியட்டும் என்பது அவர் எண்ணம். கடுங்காய்ச்சல் வந்தது, பிழைத்தார். அவர் அணுக்கள் அவர் விருப்பத்துக்கு மாறாக அவரைக் காத்தன. அந்தக் காவலின் இயல்பை அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை.

அதே 1881இல் அவருடைய மூத்த சகோதரரும் நீதித்துறை அலுவலருமான இவான் நோயுற்று மாண்டார். அம்மரணத்தைப் பற்றிக் கேள்வியுற்ற தல்ஸ்தோய், 1886இல் வெளியிட்ட ‘இவான் இலியிச்சின் மரணம்’ என்னும் குறுநாவலுக்கு அதைக் கருவாகக் கொண்டார். தமையனின் இறப்பிலிருந்து இலக்கியம் ஒரு பெரும்படைப்பைப் பெற்ற அதே காலத்தில், இளையவர் உயிரின் நிலைபேற்றைப் பற்றிய தம் வாழ்நாள் ஆய்வைத் தொடங்கினார்.

பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் 1881இல் கொல்லப்பட்டபின் ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் அடக்குமுறை மிகுந்தது. 1882இல் மெச்னிகோவ் ஒடெஸ்ஸாப் பதவியைத் துறந்து, ஓல்காவோடும் அவருடைய தம்பி தங்கையரோடும் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகருக்குக் குடிபெயர்ந்தார். பதவியில்லை, மாணவரில்லை. கடலை நோக்கிய வீட்டின் கூடத்தில் ஒரு நுண்ணோக்கி மட்டும் இருந்தது.

ஒரு நாள் வீட்டார் அனைவரும் பயிற்சி பெற்ற குரங்குகளைக் காணச் சர்க்கஸுக்குச் சென்றனர். தனித்திருந்த மெச்னிகோவ், கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் நட்சத்திர மீனின் இளவுயிரியை நோக்கிக்கொண்டிருந்தார். அதன் உடலுள் சில அணுக்கள் அங்குமிங்கும் ஊர்ந்தன. இவ்வலையும் அணுக்கள், வெளியிலிருந்து புகும் பகையை எதிர்க்கும் காவலராக இருக்கக்கூடுமோ என்ற எண்ணம் மின்னலிட்டது. இருப்புக்கொள்ளாமல் கடற்கரைக்கு நடந்தார். எண்ணம் மெய்யாயின், அவ்வுயிரியின் உடலில் முள் தைத்தால் அணுக்கள் முள்ளைச் சூழ வேண்டும். மனித விரலில் முள் தைத்த இடத்தில் சீழ் திரள்வதுபோல. சில நாள்களுக்குமுன் சிறுவர்களுக்காகக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரிக்கப்பட்ட ஆரஞ்சு வகை மரம் நின்ற அதே தோட்டத்தில் ரோஜா முட்களைப் பறித்தார். இளவுயிரியின் தோலுக்கடியில் செருகினார். இரவு உறக்கமில்லை. விடியற்காலையில் பார்த்தபோது அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன.

அந்த இளவுயிரிக்குக் குருதிக்குழாய் இல்லை. நரம்பின் தூண்டுதலும் அங்குக் காரணமாகாது. எனவே, வீக்கமும் அழற்சியும் குருதிக்குழாயின் கேடு என்று அதுவரை கருதிவந்த மருத்துவர்களுக்கு இம்முள் ஒரு மறுப்பாயிற்று. அழற்சி என்பது உடலின் தோல்வியன்று, அதன் போர்முறை என்று மெச்னிகோவ் வாதிட்டார். மெஸ்ஸினாவுக்கு வந்த பேரறிஞர் ருடால்ஃப் விர்ஹோ அவரை ஊக்கினார். ஆயினும் எச்சரிக்கையாக நடக்குமாறு அறிவுறுத்தினார். வெள்ளணுக்கள் கிருமிகளைச் சுமந்து உடலெங்கும் பரப்புகின்றன என்பதே அந்நாளைய மருத்துவர் பலரின் கருத்து. வியன்னாவில் பேராசிரியர் கிளாஸும் அவருடைய உடனாசிரியர்களும் இவ்வணுக்களுக்குக் கிரேக்க மொழியிலிருந்து பெயர் எடுத்துக் கொடுத்தனர். உண்ணல், அணு என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. தமிழில் அதனை விழுங்கணு என்றும் தின்குழியம் என்றும் சொல்வதுண்டு. பெயர் கிடைத்தவுடன் பொருள் வாழத் தொடங்குகிறது என்பதைக் கவிஞர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

1884இல் நீர்த்தெள்ளுப் பூச்சியைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். குளத்து நீரில் வாழும் அச்சிற்றுயிரின் உடலும் ஒளி ஊடுருவுவது. அதன் குடலைத் துளைத்துக்கொண்டு ஊசி வடிவான பூஞ்சை வித்துகள் உட்புகும்போது, குருதியணுக்கள் அவற்றைச் சூழ்ந்து விழுங்கிச் சிதைத்தன. அணுக்கள் வென்ற உடல் பிழைத்தது. வித்துகள் முளைத்துப் பெருகிய உடல் மாண்டது. போரின் தொடக்கமும் முடிவும் உயிரோடிருக்கும் ஓர் உடலுள்ளேயே காணக் கிடைத்தன. தெளிந்த உடலுடைய உயிரிகளை அவர் தேடித் தேடித் தேர்ந்ததன் காரணம் இதுவே.

1886இல் ஒடெஸ்ஸா நகரில் வெறிநாய்க்கடி நோய்க்குத் தடுப்பூசி போடவும் கிருமிகளை ஆராயவும் நிலையம் அமைந்தது, மெச்னிகோவ் தலைவரானார். அவர் மருத்துவப் பட்டம் பெறாதவர் என்பதைச் சுட்டி உள்ளூர் மருத்துவர்கள் இடித்துரைத்தனர். அவர் ஊரில் இல்லாத வேளையில் அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி போடப்பட்ட ஆடுகள் ஏராளமாக மடிந்ததும், நிலையத்தின் பெயர் கெட்டது. 1888இல் அங்கிருந்து விலகினார். பெர்லினில் ராபர்ட் காக் அவரைக் குளிர்ந்த முகத்தோடு வரவேற்றார். காட்டிய கண்ணாடித் தகடுகள் எவையும் காக்கின் ஐயத்தைப் போக்கவில்லை. பாரிசில் முதுமையுற்றிருந்த லூயி பாஸ்டர், புதிதாக எழும்பிய தம் ஆய்வகத்தில் அவருக்கு இடம் தந்தார். அங்கேயே மெச்னிகோவ் எஞ்சிய இருபத்தெட்டு ஆண்டுகளைக் கழித்தார்.

இதன்பின் எழுந்தது ஐரோப்பிய மருத்துவ உலகை இரு கூறாக்கிய வாதம். 1890இல் எமில் ஃபான் பெரிங்கும் ஷிபாசாபுரோ கிடாசாட்டோவும், நோயெதிர்ப்புப் பெற்ற விலங்கின் குருதிநீர், அதாவது சீரம், நச்சை முறிக்கும் ஆற்றலுடையது என்று காட்டினர். 1894இல் ரிச்சர்ட் ஃபைஃபர், தடுப்பூசி பெற்ற கினிப்பன்றியின் வயிற்றறையில் காலராக் கிருமிகள் எந்த அணுவின் உதவியுமின்றிக் கரைவதைக் காட்டினார். அணுக்கள் தேவையில்லை, நீர்மமே போதும் என்னும் கட்சி வலுத்தது. இச்செய்தி தம்மை வாழ்வையே வெறுக்கும் நிலைக்குத் தள்ளியதென மெச்னிகோவ் பின்னர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருடைய ஆய்வகத்திலேயே பணியாற்றிய பெல்ஜிய இளைஞர் ஜூல் போர்தே, 1895இல், சீரத்தில் அடங்கிய கொல்லும் ஆற்றலைப் பகுத்துக் காட்டினார். ஆசிரியர் கொள்கைக்கு மாணவரின் கண்டுபிடிப்பு இடையூறாயிற்று. மெச்னிகோவ் மாணவரைத் தடுக்கவில்லை, வெளியிட விட்டார். போர்தே அப்பணிகளுக்காக 1919ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்.

இவ்வாதத்தில் ஓர் ஏற்றத்தாழ்வு இருந்தது. சீரத்தைக் குழாயில் நிரப்பலாம், அளக்கலாம், நீர்த்துப் போகச் செய்து எத்தனையாவது படியில் அதன் வலிமை இழிகிறது என்று எண்ணாற் குறிக்கலாம். பால் எர்லிக் அதைத்தான் செய்தார். நச்சு முறியின் ஆற்றலுக்கு நிலையான அளவுகோல் வகுத்தார். விழுங்கணுவை அவ்வாறு குழாயில் அடைத்து அளக்க இயலாது. உயிரோடிருக்கும்போது மட்டுமே அது உண்ணும். அளக்கத்தக்கதே உண்மை என்று கருதத் தொடங்கிய காலத்தில், பார்த்ததை மட்டும் சான்றாக வைத்து வாதாடியவர் பின்தங்கியதில் வியப்பில்லை.

ஆயினும் மெச்னிகோவ் தம் அணுவை வினவாமல் விடவில்லை. நீலநிற லிட்மஸ் துகள்களை விழுங்கணுக்களுக்கு ஊட்டினார். அமிலம் பட்டால் சிவக்கும் அத்துகளைப் பள்ளிச் சிறாரும் அறிவர். அணு துகளை விழுங்கி, அதைச் சுற்றி ஒரு நுண்குமிழை அமைத்துக்கொண்டது. நுண்ணோக்கியின் கீழே நீலம் சிவந்தது. விழுங்கப்பட்ட பொருள் அமிலச் சூழலில் கிடக்கிறது என்று உயிருள்ள அணுவே தன் நிறமாற்றத்தால் விடை சொன்னது. அணுவைக் கொல்லவில்லை, அரைக்கவில்லை. அதன் உள்ளறைக்கு ஒரு தூதனை அனுப்பி, தூதன் முகத்தில் விடையைப் படித்தார். 1892இல் வெளிவந்த அழற்சி பற்றிய விரிவுரைகளிலும், நோயெதிர்ப்பைப் பற்றி 1901இல் வெளியிட்ட பெருநூலிலும் அணுவினுள் நிகழும் செரிமானத்தைப் பற்றி விரித்தெழுதினார். கொல்லும் கருவி செரிமான நொதிகளும் அமிலமும் என்பது அவர் முடிபு.

அம்முடிபு பாதி மெய், பாதி குறை. அமிலமும் நொதியும் அங்கு உள்ளன. ஆனால் பல கிருமிகளைக் கொல்லும் முதன்மையான படைக்கலம் வேறு. அதை லிட்மஸ் காட்டாது. காட்டும் சாயம் எதுவும் அவர் கையில் இருக்கவில்லை.

1908ஆம் ஆண்டின் நோபல் பரிசு மெச்னிகோவுக்கும் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அணுக்கட்சியும் நீர்மக்கட்சியும் ஒரே மேடையில் நின்றன. அதற்கு ஐந்தாண்டுக்குமுன் அல்ம்ராத் ரைட் லண்டனில், சீரப் பொருள் பூசப்பட்ட கிருமியையே விழுங்கணு விரைந்து உண்கிறது என்று காட்டி இரு கட்சிக்கும் பாலம் அமைத்திருந்தார். அதே டிசம்பர் மாதத்தின் இறுதியில் நிலநடுக்கம் மெஸ்ஸினா நகரைத் தரைமட்டமாக்கியது. புகழ் வந்த மாதத்தில், அப்புகழ் பிறந்த ஊர் அழிந்தது.

பிற்காலத்தில் முதுமையைப் பற்றிய சிந்தனை அவரை ஆட்கொண்டது. முதுமையியல் என்னும் துறைக்குப் பெயரிட்டவர் அவரே. பெருங்குடற் கிருமிகளின் நச்சே முதுமைக்குக் காரணம் என்று நம்பி நாள்தோறும் புளித்த பால் அருந்தினார்; பிறரையும் அருந்தச் சொன்னார். உடலைக் காக்கும் விழுங்கணுக்களே முதுமையில் நிலைமாறி, மயிரின் நிறத்தையும் நரம்பணுக்களையும் தின்றுவிடுகின்றன என்றும் எழுதினார். இவற்றுட் பல பிழைபட்டவை. எனினும், காக்கும் அணுவே கேடும் செய்யும் என்ற அடிப்படை எண்ணம் வீண்போகவில்லை என்பதைப் பின்வந்தோர் கண்டனர். 1909 மே மாதத்தில் ஓல்காவோடு யாஸ்னயா பொல்யானா சென்று தல்ஸ்தோயைக் கண்டார். அறிவியலால் வாழ்வின் பொருளை அறிய முடியும் என்று நம்பியவரும், முடியாதென்று மறுத்தவரும் ஒரு பகல் முழுவதும் அளவளாவினர். இருவரையும் இணைக்கும் இவானின் மரணம் அங்கு ஓர் இழையாக இருந்திருக்கும்.

1914இல் உலகப்போர் மூண்டது. பாஸ்டர் ஆய்வகத்தின் இளைஞர்கள் போர்முனைக்குச் சென்றனர், கூடங்கள் வெறிச்சோடின. அணுவின் போரை விளக்கி மனிதனின் நோய்ப்போரை ஒழிக்க முனைந்தவர், மனிதன் மனிதனை அழிக்கும் செய்திகளைக் கேட்டுக்கொண்டே நலிந்தார். இதயம் தளர்ந்தது. நோயாளியாகவும் தாமே ஆய்வாளராகவும் இருந்து தம் நோய்க்குறிகளைக் குறித்துவந்தார். இறந்தபின் உடலை அறுத்து ஆராயுமாறு கேட்டுக்கொண்டார். இளமையில் இருமுறை சாவைத் தேடிச் சென்றவர், முதுமையில் சாவை அச்சமின்றி எதிர்கொள்ளக் கற்றிருந்தார். 1916 ஜூலை மாதம், எழுபத்தொன்றாம் வயதில், பாஸ்டர் ஆய்வகத்திலேயே உயிர்நீத்தார். அவருடைய சாம்பற்கலம் அங்குள்ள நூலகத்தில் வைக்கப்பட்டது.

அவர் கேட்டுவிட்டுப் போன வினாவுக்கு விடை மெல்ல வந்தது. 1933இல் பால்ட்ரிஜ், ஜெரார்டு என்னும் இருவர், விழுங்கணு கிருமியை உண்ணும்போது அதன் ஆக்சிஜன் நுகர்ச்சி திடீரென உயர்வதைக் கண்டனர். உண்பதற்குச் செலவாகும் ஆற்றலுக்காக என்றே முதலில் எண்ணினர். பின்வந்தோர் ஆராய்ந்தபோது, அந்த ஆக்சிஜன் மூச்சுக்கு உதவவில்லை, படைக்கலமாக மாற்றப்படுகிறது என்பது தெரிந்தது. 1961இல் ஹைட்ரஜன் பெராக்சைடும், 1973இல் பெர்னார்டு பாபியர் குழுவினரால் சூப்பராக்சைடும் இவ்வணுக்களில் உண்டாவது காட்டப்பட்டது. பெராக்சைடைக் கொண்டு, துணியை வெளுக்கப் பயன்படும் பொருளை ஒத்த ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு ஆக்குகிறது. இவை தொட்டதோடு வினைபுரிந்து கணப்பொழுதில் மறைபவை. ஆகவேதான் குழாயில் பிடித்து வைத்து அளக்க இயலாதவை.

இவ்வுண்மையின் விலையைக் குழந்தைகள் கொடுத்தனர். 1950களில், சிறு கிருமிகளாலும் ஓயாது சீழ்க்கட்டி கண்டு இளமையிலேயே மாண்ட சில பிள்ளைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதினர். அவர்தம் வெள்ளணுக்கள் எண்ணிக்கையில் குறையவில்லை. கிருமிகளை ஒழுங்காக விழுங்கவும் செய்தன. விழுங்கப்பட்ட கிருமிகளோ அணுவினுள் உயிரோடிருந்தன. ஆக்சிஜனைப் படைக்கலமாக்கும் நொதி அப்பிள்ளைகளிடம் பிறவியிலேயே பழுதுற்றிருந்தது. 1960களின் இறுதியில் இந்நோயை அறிய ஒரு சாயச் சோதனை வந்தது. மஞ்சள் நிறச் சாயத்தை அணுக்களுக்கு ஊட்டினால், நலமான அணுவில் அது கருநீலமாகத் திரளும். நோயுற்ற அணுவில் மஞ்சளாகவே நிற்கும். மெச்னிகோவின் நீலம் சிவந்தது. இங்கு மஞ்சள் நீலமாயிற்று. வினவும் முறை ஒன்றே.

1983இல் வேறொரு சாயம் பயனுக்கு வந்தது. அணுவின் உறையைக் கடந்து உட்சென்றபின், அணுவின் நொதிகளே அதன் ஒரு பகுதியை வெட்டி வெளியேற முடியாதபடி செய்துவிடும். உள்ளே வினைமிகு பொருள்கள் எழும்போது அது பச்சையாக ஒளிரும். ஒளியை அளக்கும் கருவியின் முன்னே அணுக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஆயிரக்கணக்கான அணுக்களின் விடையைச் சில நொடிகளில் பெறலாம். ஆயினும் இத்தூதன் முழு நம்பிக்கைக்கு உரியவனல்லன். எந்தப் பொருள் தன்னை ஒளிரவைத்தது என்று அவன் பிரித்துச் சொல்வதில்லை. சில வேளை தானே புதிய வினைப்பொருளை உண்டாக்கிப் பொய்ச்சான்றும் பகர்வான். இக்குறையைப் போக்க 2006இல் மாஸ்கோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஹைட்ரஜன் பெராக்சைடை உணரும் பாக்டீரியப் புரதத்தோடு ஒளிரும் புரதத்தை இணைத்து, அணு தானே தன்னுள் ஆக்கிக்கொள்ளும் உளவுப் புரதத்தை உருவாக்கினர். அவர் பிறந்த பேரரசு மறைந்துபோன பின்னும், அவர் வினா அதே மொழி பேசுவோரிடையே தொடர்ந்தது.

லிட்மஸ் தந்த விடையும் திருத்தம் பெற்றது. பெருவிழுங்கணு என்று மெச்னிகோவ் பெயரிட்ட அணுவின் நுண்குமிழில் அமிலத்தன்மை ஏறத்தாழ 5 என்னும் அளவுக்கு இறங்குகிறது. லிட்மஸ் சிவப்பதற்கு அது போதும். நியூட்ரோஃபிலின் நுண்குமிழிலோ தொடக்க நிமிடங்களில் அமிலம் மேலோங்குவதில்லை. அங்கு எழும் சூப்பராக்சைடே அமிலத்தைத் தணித்துவிடுகிறது. அமிலத்தைத் தேடியவர் கண்ணுக்கு எட்டாத படைக்கலம் அவர் தேடிய அமிலத்தையே மறைத்து நின்றது. அப்படைக்கலம் எல்லை மீறினால் தன் உடலையே சுடும் என்பதும் இன்று தெளிவு. நாட்பட்ட அழற்சியில் திசுக்கள் சிதைவதற்கு அதுவும் காரணம்.

மெச்னிகோவின் வாழ்க்கையை வெற்றிக்கதையாக மட்டும் சொல்வது அவருக்குச் செய்யும் நீதியாகாது. சீரத்தின் ஆற்றலை அவர் குறைத்து மதித்தார்; புளித்த பாலை மிகைப்படுத்தினார்; விழுங்கினால் போதும், கொல்லுதல் செரிமானத்தின் பகுதியே என்று கருதினார். விழுங்குதல் வேறு, கொல்லுதல் வேறு என்பதை அந்நோயுற்ற குழந்தைகளின் அணுக்களே அறிவியலுக்குக் கற்பித்தன. ஆனால் அவ்வணுக்களை நோக்க வேண்டும், அவை உயிரோடிருக்கும்போதே நோக்க வேண்டும் என்ற நெறி அவர் வகுத்தது. அவர் மறைந்தபின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சீரமே ஆய்வுலகை ஆண்டது. விழுங்கணு பின்வரிசையில் காத்திருந்தது. இன்று நோயெதிர்ப்பு ஆய்வகங்களில் ஒளிரும் சாயத்தை ஓர் அணுவுக்கு ஊட்டி, அது விடையளிக்கும்வரை மூச்சடக்கிக் காத்திருக்கும் ஒவ்வோர் ஆய்வாளரும், மெஸ்ஸினாவில் ஓரிரவு முழுவதும் கண்ணயராமல் விடியலை எதிர்நோக்கியிருந்த அம்மனிதரின் வழியினர்.